மகசீனின் மேற்கு வாசல்

தாழைமுனை
11.02.2025

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

கந்தப்போடி மாமா எழுதுகிறேன். எனக்கும் என் தங்கச்சிக்கும், அதுதான் உன் கொம்மாவுக்கும், காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. என் முழங்கால் மட்டும் நோகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது இருபது வயதுப் பொடியனின் கால் என்று மற்ற டாக்டர்மாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்படியும் நோகிறது. நீயும் உன் பள்ளிக்கூடமும் கொழும்பில் சுகமென்று நினைக்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் வாவிக்கு அக்கரையில் தோணி தள்ளுகிறவனுக்கும் கேட்கும். அடுத்த வளவில் இருக்கும் கொம்மாவுக்குக் கேட்காதா? அவளுக்குத் தெரியக் கூடாத செய்தி இது.

நம்முடைய மகசீனைக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் உலக யுத்தத்தில் குண்டு அடுக்கி வைத்த கிடங்கு. ஏழு அடிச் சுவர். என் அப்பப்பா ஒரு கக்கத்தில் ஒரு குண்டு, மறு கக்கத்தில் ஒரு குண்டு என்று தூக்கி அடுக்கியபோது மவுண்ட்பேட்டனோ யாரோ ஒரு பெரியவன் கைதட்டியிருக்கிறான். அதை ஹோட்டலாக்கப் போகிறார்களாம். ஆக்கட்டும். குண்டு வைத்த இடத்தில் கட்டில் போடட்டும், நெல் மூட்டை கிடந்த இடத்தில் போத்தல் அடுக்கட்டும். எனக்கென்ன?

ஆனால் வாவிப் பக்கத்து மேற்கு வாசலைக் கல் வைத்து அடைத்து, உட்பக்கம் கக்கூஸ் கட்டப் போகிறார்களாம்! அது ஆமிக் காம்ப்பாக இருந்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு புதன்கிழமை, உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன வாசல். அந்த வாசலால் போன மனிசன் வேறெந்த வாசலாலும் வரவில்லை. ஆவணி பிறந்து வரும் முதல் புதன்கிழமை கொம்மா சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டுபோய் அந்தப் படியில் வைத்துவிட்டு வருவது ஊருக்கே தெரியும். காம்ப் இருந்த காலத்திலேயே அவளை யாரும் மறித்ததில்லை. இவர்கள் அந்தப் படியில் கக்கூஸ் கட்டுவார்களாம். நான் உயிரோடு இருக்கிறபோது!

உடனே பதில் போடு.

உன் மேல் உயிரான
மாமா கந்தப்போடி


வத்தளை
23.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். முழங்காலுக்கு டாக்டர் தந்த களிம்பைப் பூசுங்கள், படத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

மகசீன் சுவர் மூன்று அடி. எட்டாம் வகுப்பில் நானே அளந்திருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கம்பனிக்காரரிடம் போகும்போது ஏழு அடியும் அப்பப்பாவும் வேண்டாம். வாசலைப் பற்றி மட்டும் பேசுங்கள். நானும் கம்பனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் அறிவிப்பேன்.

அம்மாவுக்கு எப்படியும் தெரியவரும். நீங்களே சொல்வது நல்லது.

ஆவணிக்கு வருவேனா என்று அம்மா கேட்டால், தவணைப் பரீட்சை என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்
மேனுகா


தாழைமுனை
09.03.2025

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். களிம்பு பூசுகிறேன், மணம் தாங்காமல் இரவில் கடிக்கிற நுளம்பெல்லாம் ஊரைவிட்டே போய்விட்டன.

மகசீனுக்குப் போனேன். நீலத் தகரம் அடித்த வேலியில் காவல்காரன் மறித்தான். பார்த்த பார்வையில் விலகிவிட்டான். மனேச்சர் முனாஸ் என்று ஓட்டமாவடிப் பொடியன். நான் மேசையில் ஓர் அடி அடித்தேன், கம்பியூட்டர் நின்றுபோனது. உனக்கு நம்பிக்கை வராது என்று தெரியும். கரண்ட் போன நேரமும் அதுதான், அது வேறு கதை.

"ஐயா, எங்கட வாப்பாவின்ட வயசு உங்களுக்கு. இருங்க. தண்ணி குடிங்க" என்றான்.

"தண்ணி பிறகு குடிக்கலாம். மனிசனைக் கொண்டுபோன வாசல்ல மூத்திரம் பெய்யிறதுக்கு ஆர் ப்ளான் கீறினவன்? அவன்ட பேரைச் சொல்லு."

"ப்ளான் கொழும்பில கீறினது ஐயா. நான் சம்பளத்துக்கு நிக்கிறவன். எனக்கும் விளங்குது. எங்கட ஊரிலயும் அந்தக் காலத்தில போனவங்க இருக்காங்க. ஆனா நான் சொல்லி மாறாது."

"அப்ப மறுகா எது சொன்னா மாறும்?"

அவன் மேசை லாச்சியை இழுத்து ஒரு பேப்பர்க்கட்டை எடுத்தான். "குத்தகைப் பேப்பர்ல ஒரு வசனம் இருக்கு. கோயில், பள்ளிவாசல், சேர்ச் எண்டு ஆக்கள் கும்பிடுற இடத்தில கை வைக்க ஏலாது. அது மட்டுந்தான்" என்றான்.

பார்த்தாயா மகள்? மனிசன் காணாமற்போன இடத்துக்கு மதிப்பில்லை. அங்கே ஒரு கல்லைக் கும்பிட்டால் மதிப்பு! நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த வசனம் காதுக்குள் கிடந்து குடைகிறது.

மற்றவை அடுத்ததில்.

மாமா


தாழைமுனை
30.03.2025

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. ஜெயம்!

மேற்கு வாசல் வேப்பமரத்தடியில் வைரவர் மண்ணைப் பிளந்து கிளம்பிவிட்டார். உனக்கு மட்டும் சொல்கிறேன், சூலம் ஏறாவூர் வெல்டிங் கடையில் அடித்தது. ஊருக்கு அது நிலத்தால் வந்தது. விடிய வலை எடுக்கப் போனவர்கள் கண்டு கூவியபோது நான்தான் முதலாவதாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கம்பனியின் எஞ்சினியர் வந்து, "இங்க முந்திக் கோயில் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டான். நான் விடுவேனா? "தம்பி, வெள்ளைக்காரன் காலத்தில இந்த வாசலால உள்ளுக்குப் போற எவனும் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுத்தான் போகோணும். கேட்டுப் பார். ராசாவுக்கு முன்னாலயும் சப்பாத்துக் கழட்டாதவன் எங்கட வைரவருக்குக் கழட்டினான்!" என்றேன். அவன் தன் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, சப்பாத்துக் கழற்றியது உண்மைதான் என்று தலையாட்டினான். ஊர் முழுவதும் அரோகரா.

ப்ளான் மாறிவிட்டது. கக்கூஸ் கிழக்குப் பக்கம். மேற்கு வாசல் அப்படியே இருக்கும். கோயிலுக்கு ஒரு சபை வைத்திருக்கிறோம், தலைவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. செயலாளர் சதீசன், கடை வைத்திருக்கிறானே, அவன். அவனுடைய மகள் காய்ச்சலில் கிடந்தவள், வைரவருக்கு நேர்ந்தபின் எழும்பி ஓடித் திரிகிறாள். நல்ல பக்தியுள்ள பொடியன்.

இந்த வெற்றிக்குச் சிறிதாக ஒரு பாராட்டு எழுதினாலும் பெரிதாக எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

கொம்மாவும் சுகம்.

வாசல் காத்த
மாமா


வத்தளை
16.04.2025

அன்புள்ள மாமா,

உங்களுக்கும் அம்மாவுக்கும் புது வருடம் நல்லபடி பிறக்கட்டும். எனக்குச் சுகம்.

வெடிமருந்துக் கிடங்கில் சப்பாத்தைக் கழற்றுவது அதன் ஆணியில் பொறி பறந்து எல்லோரும் வெடித்துச் சிதறாமல் இருக்க. அதனால்தான் உள்ளே மரத்தளத்துக்கு இரும்பாணி போடாமல் செம்பாணி போட்டார்கள். உங்கள் எஞ்சினியருக்கு அது தெரியாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

கம்பனி என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. காணாமற்போன ஒருவரின் மகள் எழுதியதற்கு ஒரு வரி இல்லை, வெல்டிங் கடைச் சூலத்துக்கு ப்ளானையே மாற்றுகிறார்கள். கோபத்தில் எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்த முடியவில்லை. வாசல் தப்பியதற்காக உங்களைத் திட்டாமல் விடுகிறேன்.

ஆனால் மாமா, என் அப்பா அழகரத்தினம் வைரவர் இல்லை. மேசன் வேலை செய்தவர். இதற்கு அம்மா என்ன சொன்னா? நீங்கள் அதை எழுதவே இல்லை.

மேனுகா


தாழைமுனை
25.05.2025

அன்பு மருமகளுக்கு,

சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே. கோயில் வேலை தலைக்கு மேல். உடம்பு இரும்பு.

இப்போது நீ வந்து பார்த்தால் வழி தெரியாமல் நிற்பாய். ஹோட்டல் திறந்துவிட்டது. உள்ளே குண்டு வைத்த அறையில் வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார்கள், ஓர் இரவுக்கு அவர்கள் கொடுப்பதைக் கேட்டால் என் அப்பப்பா குண்டோடு விழுந்திருப்பார். மரத்தளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பளிங்கு ஓடு பதித்திருக்கிறார்கள். செம்பாணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். காம்ப்பாக இருந்த வருசங்களைப் பற்றிப் பலகையில் ஓர் எழுத்தும் இல்லை! வெள்ளைக்காரன், பிறகு நெல், பிறகு நேரே ஹோட்டல். நடுவில் நாங்கள் எல்லோரும் நித்திரையில் கிடந்தோமா?

வைரவருக்கு மட்டும் நல்ல மரியாதை. கம்பனியே சீமெந்து போட்டுப் பீடம் கட்டி, மின்குமிழ் பூட்டி, தங்கள் இணையத்தளத்தில் படமும் போட்டிருக்கிறது. சதீசன் ஐயர் ஒருவரைக் கூட்டிவந்து சுத்தம் செய்வித்தான். வாசலில் பலகையும் வைத்தாயிற்று: 'மச்ச மாமிசம் உண்டவர்களும் கொண்டு வருபவர்களும் உட்பிரவேசிக்கலாகாது.' உட்பிரவேசிக்கலாகாது என்ற சொல் நான் கொடுத்தது. சபையே வாய்பிளந்தது.

கொம்மா சுகம். வேறு விசேசம் இல்லை.

தலைவர்
கந்தப்போடி மாமா


வத்தளை
08.06.2025

மாமா,

சுகம்.

ஆவணியில் அம்மா என்ன கொண்டுபோவா?

மேனுகா


தாழைமுனை
20.07.2025

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

சபையைக் கூட்டினேன். வைரவர் ஆதியிலே மச்சம் சாப்பிட்டவர், நாயோடு திரிகிற கடவுள், நாய் என்ன தயிர்ச்சாதமா தின்கிறது என்று கேட்டேன். ஒருவனும் சிரிக்கவில்லை.

"தலைவர், பலகைக்கு ஓம் எண்டு சொன்னது நீங்கதானே?" என்றான் சதீசன்.

"சொன்னன். இப்ப இல்லை எண்டு சொல்றன்."

"அப்பிடிக் கிறுகி மாத்தி மாத்திச் சொல்ல இது பஸ் ஸ்ராண்டா? என்ட புள்ளைக்கு உசிர் தந்த இடம். உங்கட தங்கச்சி சீதேவிப்பிள்ளை மாமி வரட்டும், ஆர் வேணாமெண்டது? பொங்கல் கொண்டு வரட்டும். தேங்காய், பழம் கொண்டு வரட்டும். மீன் மட்டும் ஏலாது."

அவனுக்கு அடிக்கக் கை ஓங்கினேன். உண்மையாகவே ஓங்கினேன். ஆனால் அவன் சொன்னதில் பொய் எது? நான் நட்டதைத்தான் அவன் கும்பிடுகிறான்.

பிறகு முனாஸிடம் போனேன். சூலத்தை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "கும்பிடுற இடம் இல்லையெண்டா வாசலை அடைச்சு அங்க களஞ்சிய அறை கட்டச் சொல்லிப் புதுசா ஓடர் வந்து கிடக்கு ஐயா. கோயில் இருக்கிறதாலதான் நான் அதை லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன்" என்றான்.

சூலம் இருந்தால் வாசல் இருக்கும், மீன் போகாது. சூலம் இல்லாவிட்டால் மீன் போகும், வாசல் இராது. இந்தக் கணக்கை உன்னைப் போலக் கணக்குப் படித்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

கொம்மாவிடம் பொங்கலைப் பற்றி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அவருக்குப் பொங்கல் பிடிக்காதே அண்ணா" என்றாள். அவ்வளவுதான். நான் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மாமா


வத்தளை
03.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்து இந்தமுறை சாய்ந்து கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை. அந்தக் கோபத்தை உங்கள் மேல் வைப்பதா, கம்பனி மேலா, முப்பத்தைந்து வருடமாக ஒரு பதிலும் சொல்லாதவர்கள் மேலா என்று தெரியவில்லை. எல்லோர் மேலும் இருக்கிறது.

ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அப்பா என்றால் எனக்கு அந்தச் சோற்றுப் பார்சல்தான். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். படியில் வைத்துவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் நடப்பா. ஒருமுறை நான் திரும்பிப் பார்த்தேன். நாய் இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை அம்மா, 'இப்ப சாப்பிட்டுக்கொண்டிருப்பார்' என்று சொல்லிக்கொண்டே வந்தா. அதற்குப் பிறகு அந்தப் புதன்கிழமைகளில் எனக்கு எப்போதும் ஏதாவது பரீட்சை இருந்தது.

சூலத்தைப் பிடுங்குவதா விடுவதா என்று நீங்கள் சபையைக் கேட்டீர்கள், மனேச்சரைக் கேட்டீர்கள், என்னைக் கேட்கிறீர்கள். அம்மாவைக் கேளுங்கள். நாங்கள் யாருமே இன்னும் அவவைக் கேட்கவில்லை.

மேனுகா


தாழைமுனை
27.08.2025

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

கொம்மா நல்ல சுகம். எனக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அதனால் எழுத்து இப்படி.

புதனுக்கு முதல் நாள் கேட்டேன். அவள் கொடுவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் போவன். ஆரும் மறிச்சா அந்த நேரம் பாப்பம்" என்றாள்.

மத்தியானம் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். சதீசனும் சபை ஆட்களும் பலகைக்குக் கிட்ட நின்றார்கள். வாழையிலைக்குள்ளால் குழம்பு மணம் வருகிறது, மறைக்க முடியாது.

"மாமி, கோவிக்காதீங்க. மச்சம் உள்ளுக்கு ஏலாது. படைக்கிறதெண்டா மரக்கறியாப் படைங்க, நானே இலை போட்டுத் தாறன்" என்றான் சதீசன்.

"ஆருடா படைக்கிற?" என்று கேட்டாள் கொம்மா. அவள் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. "படைக்கிற செத்தவங்களுக்கு. என்ட மனிசன் செத்ததெண்டு உனக்கு ஆர் சொன்ன? எனக்கு ஒருத்தனும் வந்து சொல்லல்லியே! இது சோறு. உள்ளுக்குப் போன மனிசனுக்குப் பொஞ்சாதி கொண்டாற சோறு. காம்ப்பில துவக்கோட நிண்டவன் மறிக்கல்ல. நீ மறிக்கிறியா?"

நான் ஒரு கனவு தயாராக வைத்திருந்தேன், வைரவர் என் தலைமாட்டில் வந்து நின்று மீன் கேட்கிற கனவு. வாயைத் திறந்தேன்.

"அண்ணா, நீ சும்மா இரு" என்றாள். "அந்தக் கம்பிய நீதானே கொண்டுவந்து நட்ட. பிடுங்கு."

"பிடுங்கினா வாசலை அடைச்சுப் போடுவானுகள், தங்கச்சி."

"அடைச்சா சுவர் கரையில வைப்பன். அவருக்காகத்தான் இந்த வாசல். வாசலுக்காக அவரைச் சாமியாக்கிப் போட்டு, பட்டினி போடுவியா?"

ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன். கம்பனியின் சீமெந்து, அசையவில்லை. முனாஸ் சீமெந்து உடைக்கிற அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "நீ கிட்ட வராத மகன். நாளைக்கு இதை வேற கதையாக்கிப் போடுவானுகள்" என்று அலவாங்கை மட்டும் வாங்கிக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டேன். நான் ஒருவனே உடைத்தேன். சில பெண்கள் அழுதார்கள். ஒருவன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான். சூலம் கழன்று வந்ததும் சதீசன் அதை என் கையிலிருந்து வாங்கி, வேட்டித் தலைப்பால் மண்ணைத் துடைத்து, தோளில் வைத்துக்கொண்டு சந்தி ஆலமரத்துக்குப் போனான். சபையும் அவன் பின்னால் போனது. அவனோடு எனக்குக் கோபம் இல்லை. அவன் என்னோடு பேசுவதில்லை.

கொம்மா படியில் பார்சலை வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் வாசலை அடைக்கக் கல்லும் மண்ணும் வந்து இறங்கின. நான் வீட்டிலிருந்து கதிரையைக் கொண்டுபோய் வாசலுக்கு நடுவில் போட்டு இருந்துவிட்டேன். மேசன்மார் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கம்பனி பொலிசுக்குச் சொல்லப் போகிறதாம். சொல்லட்டும். கோயில் என்றால் தொட மாட்டார்கள், மனிசன் என்றால் தூக்கி எறிவார்கள், அதுதானே சட்டம்? வந்து தூக்கட்டும். என்ன நடந்த வாசல் என்று அறைகளில் இருக்கும் வெள்ளைக்காரரும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டுதான் போவேன். எனக்குக் குரல் இருப்பது உனக்குத் தெரியும். முனாஸ் தன் பங்குக்கு மேசன்மாருக்கு வேறு வேலை தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். எத்தனை நாளைக்கென்று தெரியாது. நீ வருவதென்றால் இன்னொரு கதிரை இருக்கிறது.

நான் எழும்பினால் அடைத்துவிடுவார்கள் என்று கொம்மா மத்தியானச் சோற்றை இங்கேயே கொண்டுவருகிறாள். நேற்றும் கொடுவாய்க் குழம்பு. அந்தப் படியில் இருந்துதான் அவிழ்த்துச் சாப்பிட்டேன். அவள் போகாமல் பக்கத்தில் நின்றாள். நான் கடைசிப் பிடி உருட்டி வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உப்புக் காணுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.

காணும் என்றேன்.

உன்
மாமா